பென்னிக்கு மட்டும் நோன்பு விலக்கு

ஐம்பது நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு. வல்லப்பாறை கோயில் பங்கில் எல்லா வீட்டு அடுப்பிலும் மாட்டிறைச்சி இருந்தது. மறுநாளிலிருந்து ஈஸ்டர் வரை இறைச்சி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது. அந்த நினைப்போடுதான் ஆட்கள் இரண்டாம் பூசைக்கு வந்திருந்தார்கள்.

பூசை முடிந்ததும் விகாரியச்சன் அறிவிப்புகளை வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் மாடு கட்டக் கூடாது. ஞாயிறு வகுப்பு அரைமணி முன்னதாகத் தொடங்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எழுதி வைக்காத ஒன்றைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"நம்ம டிரைவிங் ஸ்கூல் பென்னி, அவனோட சேச்சி புருஷன் பேக்கரி அவறாச்சனுக்கு ஈரலை அறுத்துக் கொடுக்கப் போறான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஈரல் நல்ல நிலைமைல இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். நோயாளிக்கு நோன்பு கிடையாது. நோயாளிக்காக உடம்பைத் தயார் பண்றவனும் எனக்கு நோயாளிதான். அதனால இந்த வருஷம் பென்னிக்கு நோன்பு இல்லை. அவன் தின்னலாம்." கொஞ்சம் யோசித்தார். "தின்னணும்."

கோயில் மொத்தமும் திரும்பி, கடைசி வரிசையில் தூணோரம் நின்ற பென்னியைப் பார்த்தது. அது பக்தியான பார்வை இல்லை. பொறாமை.

டாக்டர் உண்மையில் சொன்னது வேறு. ஈரலில் கொஞ்சம் கொழுப்பு தெரிகிறது, எண்ணெயைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், பீரை நிறுத்த வேண்டும், எட்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். இதைப் பென்னி தன் அக்கா மோளிக்குட்டியிடம் சொல்லும்போது, "ஈரல் நல்லா இருக்கணும்னு சொன்னாங்க, சேச்சி" என்று மட்டும் சொன்னான். கொழுப்பால் ஈரல் கெட்டுச் சாகக் கிடக்கிற மனிதரின் வீட்டில் நின்றுகொண்டு, என் ஈரலிலும் கொழுப்பு இருக்கிறது என்று சொல்வது மரியாதையாகப் படவில்லை. மோளிக்குட்டி அதை விகாரியச்சனிடம் சொன்னாள். அவர் பங்குக்குச் சொன்னார்.

எழுந்து திருத்தியிருக்கலாம். ஆனால் பென்னி முப்பத்தொன்பது வயதுவரை கோயிலில் வாய் திறந்து பேசியதே இல்லை. தன் கல்யாணத்தில்கூட சம்மதத்தை அவன் தலையாட்டித்தான் தெரிவித்தான் என்றும், அச்சன் இரண்டாம் முறை கேட்ட பிறகே குரல் வந்தது என்றும் அவன் மனைவி டெய்சி சொல்லுவாள். வண்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும் நாலு வார்த்தை வரும். கிளட்ச். கிளட்சை விடு. பிரேக். பிரேக்.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் தூக்குப் பாத்திரம் வந்தது. தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சி. செவ்வாய்க்கிழமை வாத்து ரோஸ்ட். புதன்கிழமை மூன்று வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் பன்றி விந்தாலு. யாரோ ஒருத்தி ஈரலுக்கு ஈரல்தான் நல்லது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் முழுக்க ஆட்டீரல், மாட்டீரல், கோழியீரல். தங்கள் வீட்டில் தின்ன முடியாததையெல்லாம் அந்த ஊர்ப் பெண்கள் பென்னிக்காகச் சமைத்தார்கள். சமைக்கிற வாசனையாவது வீட்டில் இருக்குமே என்று ஆண்கள் மசாலா அரைத்துக் கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஒரு சட்டியைத் திருப்பி அனுப்பினால், ஈரலைத் திருப்பி வாங்கிக்கொண்டான் என்று ஆகிவிடும். பாத்திரத்தோடு வருகிறவர்கள் அவன் முதல் வாய் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"எப்படியிருக்கு மோனே?"

"நல்லாயிருக்கு."

"எண்ணெய் கொஞ்சம் கம்மியாயிடுச்சோன்னு பயந்தேன்."

"கம்மியில்லை, சேடத்தி."

டெய்சி மட்டும் எதுவும் சொல்லவில்லை. வந்ததைச் சூடு பண்ணித் தட்டில் வைத்தாள். போதாது என்று தோன்றினால் இரண்டு முட்டையும் பொரித்து வைத்தாள்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது பென்னியின் வேலையாயிற்று. டிரைவிங் ஸ்கூல் வண்டியில், அவன் இல்லாத நேரத்தில் இன்னொரு ஆள் யாருக்காவது ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான். அவன் நடந்து போனான். வல்லப்பாறையில் எந்த வீடும் இன்னொரு வீட்டின் மட்டத்தில் இல்லை. காலையில் நாலு பாத்திரத்தோடு ரப்பர் தோட்டம் வழியாக மேலே ஏறினால், இறங்கி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மூடியில் வெட்டியிருக்கிற வீட்டுப்பேரைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். காலிப் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒவ்வொன்றிலும் டெய்சி நாலு நேந்திரம்பழம் போட்டு அனுப்பினாள். பாத்திரம் வந்தபோது இருந்த பாரம் போகும்போதும் இருந்தது.

அவறாச்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பங்கின் மது எதிர்ப்புச் சமிதித் தலைவர். தலைவராக இருக்கிற பதினெட்டு வருஷத்தில் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை. அதற்கு முன்னும் இல்லை. தன் பேக்கரியில் வேகிற ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து ருசி பார்ப்பார், அவ்வளவுதான். சர்க்கரை வந்தது, பிறகு கொழுப்பு, பிறகு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தது. ஊர் அவரை ஒரு பார்வை பார்த்தது. திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சோதிப்பதற்காக அவர் ஈரலிலிருந்து ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்தார்கள். இது குடியால் வந்ததல்ல என்று அதைப் பார்த்து எழுதித் தர வேண்டும், கோயில் பலகையில் ஒட்டப் போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர், கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் குடிகாரன் ஈரலும் தின்றவன் ஈரலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், யாருடையது எது என்று ஈரல் சொல்லாது என்றார். அதற்குப் பிறகு அவறாச்சனுக்கு மருத்துவ விஞ்ஞானத்தின் மேல் மதிப்பு குறைந்துவிட்டது.

மோளிக்குட்டியின் ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். பென்னியின் ரத்தம் சேர்ந்தது. அது தெரிந்த நாளிலிருந்து, பென்னி கொடுக்கிறான் என்றுதான் பேச்சு. யார் முதலில் சொன்னது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஓசானா ஞாயிறு நெருங்கியபோது எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மெஷின் இருபத்தைந்து சதவீதம் கொழுப்பு என்றது. இன்னொன்று பன்னிரண்டு என்றது. டாக்டர் நஸீமாவின் அறைக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டுத் துணுக்கு எடுப்பவர் அவர். கூட வந்த மோளிக்குட்டியையும் டெய்சியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க பென்னி. இருபதுக்கு மேல இருந்தா உங்க ஈரலை நாங்க எடுக்க மாட்டோம். அவருக்கும் உதவாது, உங்களுக்கும் ஆபத்து. ரெண்டு மெஷினும் ரெண்டு சொல்லுது. துணுக்கு எடுத்துப் பார்த்தாத்தான் நிஜம் தெரியும்."

"வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம். பிறகு நாலு பேர்ல ஒருத்தருக்கு வலிக்கும். பெரும்பாலும் வலது தோள்ல."

"குத்தறது விலாவுலதானே?"

"விலாவுலதான். ஈரலுக்கு மேல இருக்கிற சவ்வுக்கும் தோளுக்கும் ஒரே வழில நரம்பு போகுது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது." அவர் விரலை மடக்கினார். "அடுத்தது ரத்தம். கொஞ்சம் கசியறது சகஜம். நிறையக் கசியறது ஆயிரத்துல சில பேருக்கு. பித்தப்பைலயோ நுரையீரல்லயோ ஊசி படலாம். அது படக்கூடாதுன்னுதான் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே குத்தறோம். முன்னாடியெல்லாம் தட்டிப் பார்த்துக் குத்துவாங்க."

"செத்துப்போறது?"

"பத்தாயிரத்துல ஒருத்தர். அதுவும் பெரும்பாலும் ஏற்கனவே ஈரல் கெட்டவங்க."

"எங்க பங்குல மொத்தமே மூவாயிரம் பேர்தான்."

"அப்ப உங்க பங்குல யாருக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் டாக்டர் நஸீமா. அவர் சிரிக்கவில்லை. பென்னியும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். ஈரல் ஒன்றரைக் கிலோ. நாங்க எடுக்கறது நூல் மாதிரி ரெண்டு சென்டிமீட்டர். அந்த நூல்ல இருக்கறதுதான் முழுசுலயும் இருக்கும்னு வச்சுக்கறோம். பெரும்பாலும் சரியா இருக்கும். எப்பவும் இல்லை."

பென்னி கதவைப் பார்த்தான். கதவின் அடியில் மோளிக்குட்டியின் செருப்பு தெரிந்தது. நிற்கிறாள்.

"ஊசி போடாம விட்டா?"

"தெரியாது. தெரியாம நாங்க எடுக்க மாட்டோம். அதோட முடிஞ்சுது." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பென்னி, உங்களைத் தனியா உட்கார வச்சதே இதுக்குத்தான். கொடுக்கறதுக்கு உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஈரல் பொருந்தலைன்னு வெளியே சொல்லிடுவோம். அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். உங்க பெண்டாட்டிகிட்டக்கூட. எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கோம். யாரும் கண்டுபிடிச்சதில்லை."

தப்பிக்க இப்படி ஒரு கதவு இருக்கும் என்று பென்னி நினைத்ததே இல்லை. நாற்பது நாளாக அவன் தின்ற எல்லாமே ஊருக்குத் தெரியும். கொழுப்பு என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தங்கள் விந்தாலுவைத்தான் நொந்துகொள்வார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.

கேன்டீனில் அவறாச்சன் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. உப்பிய வயிற்றின் மேல் சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருந்தது. இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்ன அளியா, ஊசியா?" என்று மச்சினனைக் கேட்டார்.

"ஆமா, சேட்டாயி. புதன்கிழமைன்னாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லலை."

"அது ஒண்ணுமில்லடா. கொசு கடிக்கற மாதிரி."

"நீங்க போட்ட சத்தத்துல பக்கத்து வார்டு நர்ஸ் ஓடி வந்தா," என்றாள் மோளிக்குட்டி.

"அது வேற ஊசி." அவறாச்சன் டீயைத் தள்ளி வைத்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற முகம். "எனக்கு ஒரு சந்தேகம். இவன் ஈரல் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பீர் குடிச்சுப் பழகின ஈரல். அதை எனக்குள்ள வச்சா, எனக்கு அந்த ஆசை வருமா?"

மோளிக்குட்டி அவரை முறைத்தாள்.

"சமிதில கேப்பாங்கடி. நான் ஒண்ணு சொல்லணுமில்ல."

"ஆசை வந்தா என்கிட்ட சொல்லுங்க சேட்டாயி, நான் வாங்கித் தர்றேன்," என்றாள் டெய்சி. அன்று முழுவதும் அவள் பேசியது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு டெய்சி கேட்டாள். "டாக்டரம்மா உள்ள என்ன சொன்னாங்க, இச்சாயா?"

"ரத்தம் கசியும்னாங்க."

"அப்புறம்?"

"தோள் வலிக்கும்னாங்க."

கதவு இருப்பதை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் அவனைப் பிடித்து அதற்குள் தள்ளிவிடுவாள் என்று தெரியும். இரண்டு நாள் வண்டியில் உட்கார்ந்து அதையே நினைத்தான். ஒரு வார்த்தை. போனிலேயே சொல்லிவிடலாம். பிறகு அவறாச்சன் செத்துப்போவார், எல்லாரும் கொழுப்பைத் திட்டுவார்கள், அவனும் கூட நின்று திட்டலாம். அவன் ஈரல் நல்ல ஈரலா, கெட்ட ஈரலா என்று சாகும்வரை அவனுக்கும் தெரிய வேண்டியதில்லை. அங்கேதான் இடித்தது. ஊருக்குத் தெரியாமல் இருப்பது நல்லதுதான். தனக்கே தெரியாமல் எப்படி அவறாச்சனின் சாவு மந்திரிப்புக்குப் போய் உட்காருவது?

"சார், பிரேக்!" என்று கத்தினாள் ஓட்டிக்கொண்டிருந்த பெண். பென்னியின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவன் மிதித்தான். முன்னால் ஒரு பசு நின்றிருந்தது.

புதன்கிழமை அவனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். விலாவில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை அழுத்தினார் டாக்டர் நஸீமா. திரை பென்னிக்கும் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"அதுதானா?"

"அதுதான். நீங்க மூச்சு விடும்போதெல்லாம் நகருது. நான் சொல்லும்போது மூச்சை வெளியே விட்டு நிறுத்தணும். நடுவுல இழுத்தீங்கன்னா ஈரல் ஊசில கிழியும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

மரத்துப்போக வைக்கிற ஊசி எரிந்தது. பிறகு அந்த இடம் யாருடையதோ போல் ஆயிற்று. டாக்டர் பெரிய ஊசியைக் கையில் எடுத்தார். அதன் பின்பக்கம் ஸ்டேப்ளர் மாதிரி இருந்தது. அவர் குனிந்தார்.

"பென்னி. இப்பவும் சொல்லலாம்."

நர்ஸ் எதையும் கேட்காதவள்போல் சுவரைப் பார்த்தாள்.

"குத்துங்க," என்றான் பென்னி.

"மூச்சை விடுங்க. இன்னும். நிறுத்துங்க."

டக்கென்று ஒரு சத்தம். யாரோ விலாவில் முட்டியால் இடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். பழுப்புச் சிவப்பில் ஒரு நூல்.

"கொழுப்பு அதிகமா இருந்தா மிதக்கும்," என்றார்.

நூல் குப்பியின் அடிக்குப் போய்ப் படுத்தது.

"இதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் ஆகட்டும்."

வார்டில் அவனை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். அசையக் கூடாது. நர்ஸ் அடிக்கடி வந்து பிரஷர் பார்த்தாள். இந்தப் பக்கம் டெய்சி, அந்தப் பக்கம் மோளிக்குட்டி. முதலில் தோள் வலித்தது. சொன்னபடியே வலிக்கிறதே என்று பென்னிக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு நெற்றி வேர்த்தது. வேர்வை குளிர்ந்தது. மின்விசிறி தூரத்தில் சுற்றுவதுபோல் இருந்தது. நர்ஸ் பிரஷர் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வேகமாகப் போனாள்.

டாக்டர் நஸீமா ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திரையில் ஈரலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு.

"ரத்தம்," என்றார். "மெல்லிசாத்தான் இருக்கு. சலைன் வேகமா விடுங்க. ரத்தம் ரெண்டு பாட்டில் தயாரா வைக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல திரும்பப் பார்ப்போம். கூடிச்சுன்னா உள்ள குழாய் விட்டு அடைக்கணும்."

மோளிக்குட்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும் டாக்டர். எங்களுக்கு வேணாம். ஈரலும் வேணாம் ஒண்ணும் வேணாம். இவனை எழுப்பி விட்டுடுங்க, நாங்க போயிடறோம்."

"இப்ப எழுப்பினா செத்துடுவார். கையை விடுங்க."

"அவருக்கு விதிச்சபடி ஆகட்டும். எனக்கு இவன் ஒருத்தன்தான் தம்பி. டெய்சி, நீ சொல்லுடி! நீ ஏன் பேசாம நிக்கறே?"

டெய்சி கட்டிலின் கால்மாட்டில் நின்று பென்னியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பப் பார்த்தபோது கோடு அப்படியே இருந்தது. அடுத்த முறையும் கூடவில்லை. பிரஷர் ஏறியது. நின்றுவிட்டது என்றார் டாக்டர் நஸீமா. "ஆயிரத்துல சில பேர்னு சொன்னேனே, அதுல நீங்க ஓரத்துல வந்துட்டுப் போயிட்டீங்க," என்றார். வல்லப்பாறைக்கான கணக்கு அதோடு முடிந்ததா என்று கேட்க நினைத்தான் பென்னி. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மோளிக்குட்டி முகம் கழுவிவிட்டு வந்தாள். ரொம்ப நேரம் அவனைப் பார்க்காமல் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"எடா பென்னி. நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லிடாதே."

"என்ன சொன்னீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலை, சேச்சி."

அவள் டீ வாங்கப் போனாள். டெய்சி அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தாள்.

"இச்சாயா, நான் ஒண்ணு சொல்லணும். டாக்டர் முதல் தடவை சொன்னப்ப நானும் பக்கத்துல இருந்தேன், ஒழுங்காத்தான் கேட்டேன். எண்ணெய் கூடாதுன்னது எனக்குத் தெரியும்."

"ம்."

"தெரிஞ்சுதான் முட்டை பொரிச்சுப் போட்டேன். கொழுப்பு ஏறினா உங்களை விட்டுடுவாங்கன்னு. சாதத்துல நெய்யும் ஊத்தினேன். நீங்க பார்க்கலை."

பென்னி வலது பக்கம் படுத்திருந்ததால் அவனால் சுவரைத்தான் பார்க்க முடிந்தது. அசையக் கூடாது.

"பார்த்தேன்," என்றான்.

"அப்புறம் ஏன் தின்னீங்க?"

"நீ போட்டே."

பிறகு அவனும் சொன்னான். டாக்டர் காட்டிய கதவைப் பற்றி. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றதை. டெய்சி எழுந்து நின்றுவிட்டாள்.

"எப்ப சொன்னாங்க?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா? அப்புறம் எதுக்குய்யா இங்க வந்து படுத்தீங்க? ரத்தம் கசியவா? நான் ஒரு மனுஷி நாற்பது நாளா நெய் ஊத்திக்கிட்டு இருக்கேன்!"

"தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு."

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

டெய்சி மறுபடி உட்கார்ந்து, முதலில் அவன் தோளை அமுக்கினாள். பிறகு, அமுக்கினாலும் வலி அங்கே இல்லை என்று அவன் சொன்ன பிறகும், அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. டாக்டர் நஸீமா மறுபடி அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே இரும்பு நாற்காலிகளில் மோளிக்குட்டியும் டெய்சியும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சக்கர நாற்காலியில் அவறாச்சன்.

"ஒன்பது சதவீதம்," என்றார் டாக்டர். "வீக்கமில்லை, தழும்பில்லை. நல்ல ஈரல். ஒரு மெஷின் ஏமாத்தியிருக்கு. நீங்க நிறைய நடந்தீங்களோ?"

"பாத்திரம் திருப்பிக் கொடுத்தேன்."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இது நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அன்னைக்கு நான் சொன்னது இன்னைக்கும் உண்டு. வெளியே நான் என்ன சொல்லட்டும்?"

பென்னி யோசித்தான். கதவு அங்கேயேதான் இருந்தது, இப்போதும் திறந்து. ஆனால் அதன் வழியாகப் போகிறவன் தன் ஈரல் நல்ல ஈரல் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஊசி செய்த வேலை அது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

அவன் வெளியே வந்தபோது மூன்று பேரும் எழுந்தார்கள். அவறாச்சன்கூட நாற்காலியின் கைகளை ஊன்றிப் பாதி எழுந்தார். பென்னி கதவில் சாய்ந்து நின்றான். வாயைத் திறந்தான். வரவில்லை. தொண்டையைச் செருமினான்.

"ஈரல் நல்லா இருக்கு. ஒன்பது சதவீதம்தான்."

மோளிக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். டெய்சியின் முகம் இறங்கியது.

"ஒன்பதா?" என்றாள். "அத்தனையும் தின்னுட்டு ஒன்பதா? இச்சாயா, வேற எடத்துல குத்தியிருந்தா அதிகம் வந்திருக்குமோ? ஒரு துணுக்கை வச்சு முழுசையும் எப்படிச் சொல்றது?"

"இன்னும் நான் முடிக்கலை," என்றான் பென்னி. இவ்வளவு பேரிடம் ஒரே சமயத்தில் அவன் பேசியதில்லை. "கொடுக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. முதல்லேர்ந்தே பயம். ரத்தம் கசிஞ்ச அன்னைக்கு இன்னும் பயம். அதைச் சொல்லாம போயிடலாம்னு பார்த்தேன், வழியும் இருந்துச்சு. சொல்லிடறேன்."

வராந்தாவில் ஒரு டிராலி போயிற்று. அது போய் முடிகிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவறாச்சன் மெல்ல நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். சொறிவதை நிறுத்தினார். அவர் சமிதிக் கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசுகிறவர். இப்போது குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது போலிருந்தது.

"அளியா. உன்னைத் தின்ன வச்சோம், ஸ்கேன்ல படுக்க வச்சோம், ஊசி குத்த வச்சோம். அச்சன் கோயில்ல சொன்னாரு. இவ ஊரெல்லாம் சொன்னா. உன்கிட்ட யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. கேட்டா நீ மாட்டேன்னுடுவியோன்னு பயம் எனக்கு." மூச்சு வாங்கினார். "இப்ப கேக்கறேன். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு, நான் தப்பா நினைக்க மாட்டேன். நினைச்சாலும் ரொம்ப நாள் நினைக்க முடியாது. தர்றியாடா?"

மோளிக்குட்டி அழுதாள். டெய்சி அழவில்லை. பென்னியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தர்றேன்," என்றான் பென்னி.

"பயத்தோடயா?" என்றாள் டெய்சி.

"பயத்தோடதான்."

டெய்சி மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அறுத்துத் தைச்ச பிறகு எத்தனை நாள் இங்க இருக்கணும், எப்ப வண்டி ஓட்டலாம்னு கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை.

"போய்க் கேளுங்க," என்றாள். "சத்தமா கேளுங்க. நானும் வர்றேன்."

இரண்டு பேரும் கதவைத் தட்டி மறுபடி உள்ளே போனார்கள்.